அத்தியாயம் 5: கிணற்று நீருக்கு எந்த வடிகட்டி?

நகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரை யாரோ ஒருவர் ஏற்கெனவே சோதித்திருப்பார், குளோரின் கலந்திருப்பார், குறை இருந்தால் புகார் சொல்ல ஓர் அலுவலகமும் இருக்கும். சொந்தக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் அப்படி யாரும் இல்லை. தோண்டியது நீங்கள், குடிப்பது உங்கள் பிள்ளைகள். அந்த நீரின் தரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் முழுக்க உங்களுடையதுதான்.

இந்தப் பொறுப்பை நிறைவேற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் நேரே கடைக்குப் போகிறார்கள். அங்கே காட்டும் இயந்திரங்களில் விலைக்கும் அழகுக்கும் ஏற்ப ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறது: முதலில் நீரைச் சோதியுங்கள்; அடுத்து கிணற்றைச் சரிசெய்யுங்கள்; மூன்றாவதாக இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் பிடிக்கும் வடிகட்டி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் சிலவற்றைப் பிடிக்கும், சிலவற்றை விட்டுவிடும். உங்கள் நீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எது வேண்டும் என்பது தெரியும்.

வீட்டிலேயே தெரியும் அறிகுறிகள்

சோப்பு நுரைக்க மறுப்பது, பருப்பு வேக நேரமாவது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் குழாய் முனையிலும் வெள்ளைப் படிவு ஏறுவது ஆகியவை கடினத்தன்மையின் அடையாளங்கள். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீர் அது. தொல்லைதான், ஆனால் கடினத்தன்மையை மட்டும் வைத்து உடல்நலத்துக்கு வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை.

மோட்டார் போட்டதும் தெளிவாக வந்த நீர், வாளியில் ஒரு மணி நேரம் இருந்தபின் பழுப்பேறினால் அதில் இரும்பு இருக்கிறது. நிலத்துக்கடியில் கரைந்து நிறமில்லாமல் இருக்கும் இரும்பு, காற்று பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. அந்த நீரில் டீ போட்டால் நிறம் கறுத்துப்போகும். வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை ஏறும்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் வருவது. கரிப்புச் சுவை குளோரைடு உப்பால் வருவது. மழை பெய்த மறுநாள் நீர் கலங்கினால், மேல்மண் நீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்குள் இறங்குகிறது என்று பொருள். கலங்கல் இறங்கும் வழியில் கழிவும் இறங்கும்.

இனி முக்கியமான செய்தி. உடலுக்கு அதிகக் கேடு செய்யும் மூன்றும் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் பிடிபடாதவை: நோய்க்கிருமி, ஃபுளூரைடு, நைட்ரேட். இளநீர்போல் இனிக்கும் கிணற்று நீரிலும் இவை இருக்கலாம். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தத் தண்ணிதான்" என்பது கிணற்றுக்குக் கொடுக்கும் மரியாதை. அது பரிசோதனை அறிக்கை ஆகாது. தாத்தா காலத்தில் பக்கத்து மனையில் செப்டிக் டேங்க் இருந்திருக்காது. கிணறும் 40 அடியில் நின்றிருக்கும். இன்று போர்வெல் பல நூறு அடி ஆழத்தில் பாறையிடுக்கு நீரை எடுக்கிறது. அந்த நீரின் குணம் வேறு.

பரிசோதனைக்குக் கொடுப்பது எப்படி?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர் ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் அங்கே தன் வீட்டு நீரைச் சோதித்துக்கொள்ளலாம். தனியார் ஆய்வகத்துக்குப் போவதானால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா என்று கேளுங்கள். வடிகட்டி விற்பவரே இலவசமாகச் செய்து தரும் சோதனையை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு மாதிரிகள் தேவை. இரசாயனச் சோதனைக்கு 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். மோட்டாரை ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் முன்பே பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். அதை அலசக் கூடாது. வாய்ப்பகுதியையும் மூடியின் உட்புறத்தையும் விரல் தொடக் கூடாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். கிருமிக்கு மட்டும் சமையலறைக் குழாயிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்தால், குறை கிணற்றில் இருக்கிறதா, தொட்டியில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு இரண்டு முறை சோதிப்பது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் நீர்மட்டம் இறங்கி உப்புகள் அடர்த்தியாகும்; ஒரு சோதனை அப்போது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்பரப்புக் கழிவு உள்ளே இறங்கும். இன்னொன்று மழைக்குப் பின். ஒவ்வொரு சோதனையையும் ஆண்டுக்கு ஒருமுறைதான் செய்ய முடியும் என்றால் இரசாயனத்தைக் கோடையிலும் கிருமியை மழைக்குப் பின்னும் பாருங்கள்.

ஆய்வகம் தொலைவில் இருந்தால் கிருமிக்கு எச்2எஸ் குப்பி ஒரு முதற்கட்டச் சோதனை. மருந்து தடவிய சிறு குப்பியில் நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். நீர் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அறிக்கையைப் படிப்போம்

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற குடிநீர்த் தரநிலைதான் அளவுகோல். பெரும்பாலான பொருட்களுக்கு அதில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு. கீழுள்ளவை லிட்டருக்கு மில்லிகிராமில்:

- மொத்தக் கரைந்த உப்பு (டி.டி.எஸ்.): 500, உச்சம் 2000
- மொத்தக் கடினத்தன்மை: 200, உச்சம் 600
- குளோரைடு: 250, உச்சம் 1000
- ஃபுளூரைடு: 1.0, உச்சம் 1.5
- நைட்ரேட்: 45, தளர்வு இல்லை
- இரும்பு: 1.0, தளர்வு இல்லை (0.3ஐத் தாண்டினாலே துணியில் கறை ஏறும்)
- பி.எச். (அலகு இல்லாத எண்): 6.5 முதல் 8.5 வரை, தளர்வு இல்லை
- ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா): 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது

அறிக்கை கைக்கு வந்ததும் பலரும் டி.டி.எஸ். எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். நீங்கள் கடைசி வரியிலிருந்து மேலே வாருங்கள். முதலில் ஈ.கோலி, பிறகு நைட்ரேட், ஃபுளூரைடு. இந்த மூன்றும்தான் "குடிக்கலாமா" என்ற கேள்விக்கு விடை. கடினத்தன்மை, இரும்பு, டி.டி.எஸ். ஆகியவை பெரும்பாலும் "குடிக்க நன்றாயிருக்குமா, பாத்திரமும் குழாயும் தாங்குமா" என்ற கேள்விக்கு விடை.

ஃபுளூரைடைப் பற்றி ஒரு வார்த்தை. நிரந்தரப் பற்கள் உருவாகும் வயதில் மிகை ஃபுளூரைடு நீரைக் குடித்த குழந்தைக்குப் பல்லில் பழுப்புக் கோடும் குழியும் விழும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இரண்டையும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. தடுக்க மட்டுமே முடியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் துன்பம் பரவலாக இருந்ததால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பாறையில் ஃபுளூரைடு கனிமம் இருக்கும் பகுதிகளில் ஆழமாகத் தோண்டுவதால் தப்பிக்க முடியாது. பல இடங்களில் ஆழம் கூடக்கூட அளவும் கூடும்.

நைட்ரேட் உரத்திலிருந்தும் மாட்டுத்தொழுவத்திலிருந்தும் கழிப்பறைக் குழியிலிருந்தும் வருகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது மிக ஆபத்து: இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். கிணற்று நீரில் நைட்ரேட் 45ஐத் தாண்டினால், வேறு நல்ல நீர் கிடைக்கும்வரை அதில் பால்பவுடர் கரைக்கவே கூடாது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் பகுதிகளிலும் திருப்பூர் போன்ற சாயத் தொழில் பகுதிகளிலும் இருப்பவர்கள் வழக்கமான சோதனையோடு குரோமியம் போன்ற உலோகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவை வரம்பைத் தாண்டியிருந்தால் வீட்டு வடிகட்டியை நம்பி அந்த நீரைக் குடிக்காதீர்கள். வேறு நீர்தான் வழி.

மீட்டரும் கம்பியும்

விற்பனையாளர் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் டி.டி.எஸ். மீட்டர் பொய் சொல்வதில்லை. ஆனால் சொல்வது கொஞ்சம்தான். நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, அதிலிருந்து மொத்த உப்பைக் கணிக்கிறது. 600 என்று காட்டும் நீரில் ஃபுளூரைடு அரை மில்லிகிராமா, மூன்று மில்லிகிராமா என்று அதற்குத் தெரியாது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. 50 காட்டும் நீரிலும் காலரா கிருமி இருக்கலாம்.

இன்னொரு வித்தை இரட்டைக் கம்பிக் கருவி. உங்கள் கிணற்று நீர் ஒரு டம்ளர், அவருடைய ஆர்.ஓ. நீர் ஒரு டம்ளர். கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்ததும் உங்கள் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு திரளும். அவருடையது தெளிவாக நிற்கும். "இதைத்தான் உங்க குழந்தைங்க குடிக்குறாங்க" என்பார். உண்மையில் அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததே அல்ல. ஒரு கம்பி இரும்பு, மற்றது அலுமினியம். நீரில் இயல்பாக உள்ள உப்பு வழியே மின்சாரம் பாயும்போது கம்பியே கரைந்து துருவாகத் திரள்கிறது. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அதிகம் பாயவில்லை, அவ்வளவுதான். அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும்.

கிணற்றைச் சரிசெய்த பிறகே கருவி

அறிக்கையில் ஈ.கோலி இருந்தால், வடிகட்டிக்குச் செலவிடும் முன் கிணற்றைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். செப்டிக் டேங்க், கழிப்பறைக் குழி, தொழுவம், எருக்குழி எதுவும் 15 மீட்டருக்குள், அதாவது சுமார் 50 அடிக்குள் இருக்கக் கூடாது. கைப்பிடிச் சுவரில் விரிசல் இருந்தால் பூசுங்கள். சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு, நீர் வெளிப்பக்கம் வழிந்தோடும்படி சாய்வு கொடுங்கள். மேலே வலைமூடி போடுங்கள். கிணற்றடியில் துணி துவைப்பதையும் குளிப்பதையும் நிறுத்துங்கள். போர்வெல்லாக இருந்தால் கேசிங் பைப் தரைக்கு மேலே ஓரடியாவது நீண்டு, மூடி இறுகியிருக்க வேண்டும். பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்டால் அடைத்திருக்க வேண்டும்.

பிறகு திறந்த கிணற்றுக்குக் குளோரின் போடலாம். 1000 லிட்டர் நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. வட்டக் கிணற்றின் கொள்ளளவு இப்படி: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர். அதை 1000ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 28,000 லிட்டர் இருக்கும். அதற்கு 70 கிராம் பவுடர் போதும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் நீரை எடுக்கக் கூடாது. இரவில் போட்டுக் காலையில் எடுப்பது வசதி. ஈரம் பட்ட, திறந்து நாளான பவுடரில் வீரியம் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

மேல்நிலைத் தொட்டியையும் விட்டுவிடாதீர்கள். கிணறு சுத்தமாக இருந்தும் சமையலறைக் குழாய் மாதிரியில் மட்டும் ஈ.கோலி வந்தால், மூடி உடைந்த தொட்டியே முதல் சந்தேகம்.

எது எதைப் பிடிக்கும்?

*கொதிக்கவைத்தல்.* தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே நோய்க்கிருமிகள் சாகும். கடினத்தன்மையில் ஒரு பகுதியும் படிந்துவிடும். ஆனால் ஃபுளூரைடும் நைட்ரேட்டும் போகா. நீர் ஆவியாவதால் மிஞ்சும் நீரில் அவற்றின் அடர்த்தி கூடும். "கொதிக்கவெச்சா எல்லாம் போயிடும்" என்ற நம்பிக்கை கிருமிக்கு மட்டுமே பொருந்தும்.

*கேண்டில் ஃபில்டர்.* பீங்கான் திரி கலங்கலையும் பாக்டீரியாவில் பெரும்பகுதியையும் தடுக்கும். வைரஸையும் கரைந்த உப்பையும் விட்டுவிடும். திரியில் கீறல் விழுந்தால் பயன் போச்சு.

*கார்பன்.* நாற்றம், நிறம், குளோரின், சில பூச்சிமருந்து எச்சம் ஆகியவற்றை ஈர்க்கும். காலம் கடந்த கார்பன் கிருமி வளரும் இடமாகும்.

*யு.வி.* புற ஊதா ஒளி கிருமியைச் செயலிழக்கச் செய்யும். நீரிலிருந்து எதையும் வெளியேற்றாது. கலங்கலும் இரும்பும் இருந்தால் அவற்றின் நிழலில் கிருமி தப்பிவிடும். அதனால் தெளிந்த நீருக்கே இது ஏற்றது. மின்சாரம் இல்லாதபோது வேலை செய்யாது.

*யு.எஃப்.* சுமார் 0.01 மைக்ரான் துளை கொண்ட சவ்வு. கலங்கலையும் பாக்டீரியாவையும் நிறுத்தும். குழாயில் போதிய அழுத்தம் இருந்தால் மின்சாரமே வேண்டாம். கரைந்த உப்பைத் தொடாது.

*ஆர்.ஓ.* மெம்பிரேன் என்ற சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளி, கரைந்த உப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்கும். ஃபுளூரைடு, நைட்ரேட், கடினத்தன்மை எல்லாம் இதில் குறையும். விலையாக, ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும்.

*சாஃப்ட்னர்.* ரெசின் மணிகள் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தரும். குளியலறைக்கும் சலவை இயந்திரத்துக்கும் நல்லது. டி.டி.எஸ். குறையாது, கிருமி போகாது. இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைப்பவர் வீட்டில் குடிநீர்க் குழாயை இதில் சேர்க்காதீர்கள்.

*இரும்பு ஃபில்டர்.* காற்றூட்டி இரும்பைத் துருவாக்கி மணலில் தடுப்பது இதன் வேலை. யு.வி.க்கும் ஆர்.ஓ.வுக்கும் முன்னால் வர வேண்டியது.

*ஆக்டிவேட்டட் அலுமினா.* ஃபுளூரைடுக்கென்றே உள்ள மணிகள். நீர் வீணாகாது. ஆனால் மணிகள் நிறைந்துவிட்டால் ஃபுளூரைடு மறுபடி வரத் தொடங்கும், சுவையில் தெரியாது. குறித்த காலத்தில் சோதித்துப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

நான்கு அறிக்கைகள், நான்கு முடிவுகள்

எண்களை வைத்து முடிவெடுக்கும் முறையைக் காட்ட, நம் ஊர்களில் வரக்கூடிய நான்கு அறிக்கைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: காவிரிக் கரையில் ஒரு திறந்த கிணறு. டி.டி.எஸ். 380, கடினத்தன்மை 180, ஃபுளூரைடு 0.4, நைட்ரேட் 20. ஈ.கோலி இருக்கிறது. குறை ஒன்றே ஒன்று, கிருமி. கிணற்றைச் சீர்செய்து குளோரின் போட்டு, சமையலறையில் யு.எஃப்.பும் யு.வி.யும் சேர்ந்த கருவி வைத்தால் போதும். ஆர்.ஓ. தேவையில்லை. டி.டி.எஸ். 500க்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடைசெய்யும்படி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதற்கு, நீர் வீணாவது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு: தருமபுரிப் பக்கம் ஒரு போர்வெல். டி.டி.எஸ். 450தான், ஆனால் ஃபுளூரைடு 2.8. டி.டி.எஸ்.ஸை மட்டும் பார்த்தவர் "நல்ல தண்ணி" என்று விட்டுவிடுவார். ஒகேனக்கல் நீர் தெருவுக்கு வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். வராவிட்டால், டி.டி.எஸ். குறைவாக இருந்தாலும் ஃபுளூரைடுக்காக ஆர்.ஓ., அல்லது பராமரிப்பு உறுதியான அலுமினா. சோறும் குழம்பும் இப்படி ஃபுளூரைடு நீங்கிய நீரில்தான் செய்ய வேண்டும். குடிநீரை மட்டும் மாற்றி, உலைக்குப் பழைய நீரை வைத்தால் ஃபுளூரைடு தட்டு வழியே வரும்.

மூன்று: கொங்குப் பகுதியில் ஒரு போர்வெல். டி.டி.எஸ். 1300, கடினத்தன்மை 720, நைட்ரேட் 70, இரும்பு 1.6. வரிசை இப்படி: மோட்டாருக்கு அடுத்து இரும்பு ஃபில்டர், குளியலறைக்கு விருப்பமிருந்தால் சாஃப்ட்னர், சமையலறைக்கு மட்டும் ஆர்.ஓ. வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. வைப்பது பணத்துக்கும் நிலத்தடி நீருக்கும் கேடு.

நான்கு: கடற்கரையோரக் கிணறு. டி.டி.எஸ். 3800, குளோரைடு 1700. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நடந்ததுபோல், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே நகர்ந்ததன் அடையாளம் இது. வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவும் 2000 டி.டி.எஸ். வரைக்கே வடிவமைக்கப்பட்டவை, இந்த நீரில் மெம்பிரேன் சீக்கிரம் அடைபடும். குடிக்க வேறு நீர் தேடுங்கள். கூரை மழைநீரைத் தனித் தொட்டியில் சேமித்து, கிருமி நீக்கிப் பருகலாம். மழைநீரில் உப்பும் ஃபுளூரைடும் மிகக் குறைவு. மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் அறிக்கையில் உள்ள இந்தக் குறையை இந்தக் கருவி எந்த அளவுக்குக் குறைக்கும்? எழுத்தில் தருவீர்களா?

2. எந்தத் தர முத்திரை இருக்கிறது? வீட்டு ஆர்.ஓ. கருவிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16240.

3. டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். பல கருவிகளில் ருசிக்காக, ஆர்.ஓ. செய்த நீரில் ஆர்.ஓ. செய்யாத நீரைக் கொஞ்சம் கலக்கும் திருகு இருக்கும். ஃபுளூரைடோ நைட்ரேட்டோ உள்ள வீட்டில் அந்தத் திருகு, காசு கொடுத்து நீக்கியதைத் திரும்பக் கலக்குகிறது. அதை முழுவதும் மூடச் சொல்லுங்கள். ருசி வேண்டுமென்றால் மினரல் கார்ட்ரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள்.

4. ஐந்தாண்டு மொத்தச் செலவு என்ன? ஃபில்டர், மெம்பிரேன், யு.வி. விளக்கு, சர்வீஸ் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். வாங்கும் விலை குறைவான கருவி ஐந்தாம் ஆண்டில் விலை கூடியதாகலாம்.

5. சர்வீஸ் ஆள் எங்கள் ஊருக்கு எத்தனை நாளில் வருவார்? உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா? கிராமத்து வீட்டுக்கு இந்த விடைதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

கொள்ளளவில் ஏமாற வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டால், ஐந்து பேர் வீட்டுக்கு நாளைக்கு 25 லிட்டர். மணிக்கு 10, 15 லிட்டர் தரும் சாதாரணக் கருவியே அதற்குப் போதும்.

வெளியேறும் நீர்

ஆர்.ஓ. தள்ளும் நீரைச் சாக்கடையில் விடாமல் ஒரு தொட்டியில் பிடியுங்கள். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வாசல் கழுவவும் பயன்படும். கிணற்று நீரைவிட இதில் உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண் கெடும். தென்னை அடியில் எப்போதாவது விடலாம். கிணற்றுக்குள்ளோ, போர்வெல் பக்கத்து மழைநீர்க் குழிக்குள்ளோ மட்டும் விடவே கூடாது. பிரித்தெடுத்த ஃபுளூரைடும் நைட்ரேட்டும் அந்த வழியே உங்கள் நீருக்கே திரும்பும்.

பராமரிப்பு நாட்காட்டி

- வாரம் ஒருமுறை: கேண்டில் திரியைத் தேய்த்துக் கழுவுதல், சேமிப்புக் கலனின் குழாய் முனையைத் துடைத்தல்.
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை: மேல்நிலைத் தொட்டியைக் கழுவுதல், முன் ஃபில்டர் நிறம் மாறியிருந்தால் மாற்றுதல்.
- ஆண்டுக்கு ஒருமுறை: கார்பனையும் யு.வி. விளக்கையும் மாற்றுதல். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கிருமி கொல்லும் வீரியம் குறைந்திருக்கும்.
- வெளிவரும் நீரின் டி.டி.எஸ். முன்பைவிடத் தெளிவாக உயர்ந்தால்: மெம்பிரேனைச் சோதித்தல். மீட்டர் உண்மையில் பயன்படும் இடம் இதுதான். ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.
- வெள்ளம் வந்து கிணறு மூழ்கினால்: நீரை இறைத்து வெளியேற்றி, குளோரின் போட்டு, மறுசோதனையில் ஈ.கோலி இல்லை என்று வரும்வரை கொதிக்கவைத்த நீரே. பூச்சிமருந்தோ எண்ணெயோ கலந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது அதுதான். கருவி மாட்டி ஒரு மாதம் ஆனபின், கருவியிலிருந்து வரும் நீரையும் அதே ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தக் குறைக்காகப் பணம் கொடுத்தீர்களோ, அந்த வரியில் எண் வரம்புக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இரண்டு அறிக்கைகளோடும் விற்றவரைக் கூப்பிடுங்கள். எழுத்தில் வாங்கிய உறுதி அப்போதுதான் கைகொடுக்கும். இறங்கியிருந்தால் இரண்டு தாள்களையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த கோடையில் எடுக்கும் அறிக்கையை அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.